ஐஸ் பெட்டிக்குள் ஒரு முழம் மல்லிகை

பின்னலின் தொடக்கத்தில் ஒரு ஹேர்பின் அதிகமாக இருக்கிறது. காலையிலிருந்து குத்திக்கொண்டே இருக்கிறது. ஓட்டல் அறையில் கோகிலா அக்கா என்னைக் கண்ணாடி முன் உட்கார வைத்துத் தலை பின்னிவிட்டாள், எனக்கு இருபத்தாறு வயதாகியும். இறுக்கிப் பின்னி, ரப்பர் வளையம் போட்டு, எல்லாம் முடிந்த பிறகு பல்லில் கடித்து வைத்திருந்த அந்தப் பின்னை எடுத்து மேலே செருகினாள். "அதெதுக்குக்கா, முடிதான் நிக்குதே" என்றேன். "இருக்கட்டும்டி" என்றாள். அக்கா இருக்கட்டும் என்று சொன்னால் அதற்குப் பிறகு கேள்வி கிடையாது. இப்போது அமெரிக்கப் பாலைவனத்து ஏரி ஒன்றில் படகு ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் செங்கல் நிறப் பாறைச் சுவர்கள், நேராகத் தண்ணீருக்குள் இறங்குகின்றன. கரை என்று ஒன்றே இல்லை, கால் வைக்க ஒரு சாண் இடம் இல்லை. பாறையில் தண்ணீரை ஒட்டி வெள்ளையாக ஒரு பட்டை, தென்னை உயரத்துக்கு. ஒரு காலத்தில் தண்ணீர் அதுவரைக்கும் நின்றிருக்கிறது. உப்புத் தண்ணீர் பிடித்து வைத்த குடத்தின் உட்புறம் படிகிற தடம் மாதிரி. அப்படியானால் நாங்கள் குடத்தின் அடியில் போய்க்கொண்டிருக்கிறோம், ஐந்து பேர், கூரைத் துணி கட்டிய ஒரு தட்டைப் படகில், சோபா மாதிரி இருக்கைகளில். "மோகனா, ஐஸ் பெட்டியில இருந்து எனக்கொரு சோடா எடு சாமி" என்றார் மாமா, அக்காவின் வீட்டுக்காரர், தொப்பியைக் கண் வரைக்கும் இறக்கிக்கொண்டு. எழுந்து போய் மூடியைத் திறந்தேன். ஐஸ் கட்டி, டின்கள், தண்ணீர்ப் பாட்டில்கள், அவற்றுக்கு நடுவே ஈரத்துணி சுற்றிய ஓர் எவர்சில்வர் சம்படம். ஊரில் முறுக்கு போட்டு வைப்பார்களே, அந்த மாதிரிச் சின்ன டப்பா. திறக்கவில்லை. திறக்க வேண்டியிருக்கவில்லை, வாசனை வந்துவிட்டது. மல்லிகை. கட்டிய மல்லிகை. உடனே பின்னலில் இருந்த அந்தப் பின் எதற்கென்று தெரிந்துவிட்டது. தெரிந்த இடத்திலேயே அது இன்னும் கொஞ்சம் ஆழமாகக் குத்தியது. டின்னை எடுத்து மூடியை மூடினேன். சத்தம் வராமல் மூடினேன், உள்ளே யாரோ தூங்குகிற மாதிரி.

பூ வைக்கப் போகிறார்கள். எங்கள் பக்கம் அதுதான் எல்லாம். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் தலையில் ஒரு முழம் பூவை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. மண்டபம், பத்திரிகை, தாலி எல்லாம் பிறகு வரும், ஆனால் முடிந்தது அங்கேதான். பூ வைத்த பிறகு வேண்டாம் என்று சொன்ன பெண் ஒருத்தியைத் தாராபுரத்தில் இன்னும் அந்தப் பெயராலேயே சொல்கிறார்கள், பூ வெச்சு நின்னவ என்று. அவளுக்கு இப்போது பேரனே இருக்கலாம். இன்று பூ இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். இன்று பெண் பார்ப்பதுகூட இல்லை. சும்மா ஒரு நாள் படகில் போவோம், அவங்களும் வரட்டும், ரெண்டு பேரும் பேசிக்கட்டும், யாருக்கும் எந்தக் கட்டாயமும் இல்லை என்று அக்கா சொன்னாள். அம்மா ஊரிலிருந்து போனில் "உனக்கு ஒண்ணும் இல்லையே மோகனா?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். அப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், கையில் நுரை, தோளில் போனை இடுக்கிக்கொண்டு. அந்த ஒன்றும் இல்லை எப்படியெல்லாம் பயணம் போயிருக்கும் என்று இப்போது பார்க்க முடிகிறது: புள்ள ஒண்ணும் சொல்லல. அவளுக்கு ஒண்ணும் இல்லையாம். அவ எப்பவும் கூச்சம்தான், வாயத் தொறந்து சரின்னு சொல்லுவாளா, நாமதான் புரிஞ்சுக்கணும். புரிந்துகொண்டுவிட்டார்கள். புரிந்துகொண்டு பூக்கட்டி, ஈரத்துணி சுற்றி, ஐஸ் மேல் வைத்து, பாலைவனத்துக்கு நடுவில் கொண்டுவந்துவிட்டார்கள். மாமா சோடாவைத் திறந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு "ஆ" என்கிறார். எனக்கு மிச்சம் இருப்பது அந்தச் சம்படம் வெளியே வருகிற வரைக்கும். அதற்குள் சொல்ல வேண்டும். யாரிடம், எப்படி, எந்த வார்த்தையில் ஆரம்பித்து?

பழைய முறையே தேவலை என்று தோன்றுகிறது, இப்படித் தோன்றும் என்று நான் நினைத்ததில்லை. பழைய முறையில் காபித் தட்டோடு வந்து, ஒரு நிமிஷம் நின்று, உள்ளே போய்விடலாம். உள்ளே என்று ஒன்று இருந்தது. கதவு இருந்தது, கதவுக்குப் பின்னால் இரும்புக் கட்டிலும் அடுக்கிய மெத்தைகளும் இருந்தன, அதில் முகத்தை வைத்து அழலாம், சிரிக்கலாம், வேண்டாம் என்று அம்மாவின் காதில் மட்டும் சொல்லலாம், அம்மா வெளியே போய் அதை வேறு வார்த்தையில் மாற்றிச் சொல்லுவாள், ஜாதகம் சேரவில்லை என்றோ படிப்பு முடியட்டும் என்றோ. இங்கே காலையில் ஏறினால் சாயங்காலம் இறங்க வேண்டியதுதான். உள்ளே கிடையாது. எல்லாமே வெளியே. எங்கே உட்கார்ந்தாலும் நான்கு பேரில் யாராவது ஒருவருக்கு எதிரே முகம் இருக்கிறது, அந்த முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதே ஒரு வேலையாக இருக்கிறது. "மோகனா, இங்க நெழலுக்கு வா கண்ணு, கறுத்துப் போயிருவ" என்று, மாப்பிள்ளையாகப் பேசியிருக்கிற தரணியின் அம்மா தன் பக்கத்து இருக்கையைத் தட்டுகிறார். போகிறேன். அவரை என்னவென்று கூப்பிடுவது? அத்தைன்னு கூப்பிடு என்று அக்கா காரிலேயே சொல்லிவிட்டாள். அத்தை என்று சொல்லிவிட்டால் பாதிப் பூ வைத்த மாதிரி. ஆன்ட்டி என்றால் மரியாதைக் குறைவு. அதனால் காலையிலிருந்து அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் திரும்புகிற வரை காத்திருந்து, கண் பட்டதும் பேசுகிறேன். அவர் அடிக்கடி திரும்புவதால் சமாளிக்க முடிகிறது. நல்ல அம்மா. அதுதான் கஷ்டம். வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுக்கு மேலே சுங்குடிச் சேலை, நெற்றியில் வியர்வையில் கரைகிற குங்குமம். வருஷத்தில் ஆறு மாதம் மகனோடு ஃபீனிக்ஸில் இருக்கிறார், பெயின்ட் வாளிகளில் மல்லிச்செடி வைத்திருக்கிறார், அந்த ஊர் வெயிலுக்கு நம்ம ஊரைவிட நல்லாப் பூக்குது கண்ணு என்று காலையில் சொன்னார். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

தரணி சுக்கானுக்கு அருகில் நிற்கிறார். அவரும் கெட்டவர் இல்லை. அவரிடம் தேடிப் பார்த்துவிட்டேன், காலையிலிருந்து தேடுகிறேன், ஏதாவது ஒன்று கிடைத்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று. குடிப்பதில்லை. சத்தம் போடுவதில்லை. அம்மா படகில் ஏறும்போது கையைப் பிடித்து ஏற்றினார், அக்காவுக்கும் பிடித்தார், எனக்குப் பிடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கையை நீட்டாமல் பக்கத்தில் மட்டும் நின்றுகொண்டார், விழுந்தால் பிடிப்பதற்கு. அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு ஒரு முறை படகை மெதுவாக்கிவிட்டு, என்னிடம் வந்து, "உங்க லேப்ல என்ன வேலை?" என்றார். தண்ணீர்ப் பரிசோதனை. ஊர் ஊராக வருகிற சின்னச் சின்னப் பாட்டில்களில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்போம். அதைச் சொல்ல ஆரம்பித்தேன். "தண்ணி சாம்பிள் வரும், அதுல..." என்றேன். "அதுல பாக்டீரியா இருக்கான்னு பாப்பீங்க" என்றார். இல்லை, நான் பார்ப்பது உலோகங்கள், ஈயம், ஆர்செனிக். ஆனால் அவர் சிரித்த முகமாக இருந்தார், உதவி செய்துவிட்ட முகம். "ஆமா" என்றேன். "தனியா இருக்கறது..." என்றேன் இன்னொரு முறை, அவர் அதைப் பற்றிக் கேட்டபோது. "போர் அடிக்கும்தான்" என்றார். "ஆமா" என்றேன். பிடிச்சிருக்கு என்று சொல்ல வந்தேன். தனியாக இருப்பது பிடித்திருக்கிறது என்று சொல்ல வந்தேன், அதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை, முதல் முறையாக வாய் வரை வந்தது, போர் அடிக்கும் என்று ஆகிவிட்டது. நான் மெதுவாகப் பேசுகிறவள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் எனக்கு இடம் வேண்டும், அங்கேதான் நான் யோசிக்கிறேன். அந்த இடத்தில் அவர் வந்து நின்றுகொள்கிறார், அன்பாக, கதவைத் திறந்துவிடுகிற மாதிரி. நான் முடிக்காத வாக்கியங்களையெல்லாம் அவர் முடித்துவிடுகிறார். இதை எப்படி ஒரு குறையாகச் சொல்வது? அக்காவிடம் சொன்னால் சிரிப்பாள். "அடிப்போடி, உனக்கும் சேத்துப் பேச ஒரு ஆளு கெடச்சா சந்தோசப்படுவியா, கொற சொல்லுவியா?" என்பாள். நாற்பது வருஷம். நாற்பது வருஷம் வேறு யாரோ முடித்த வாக்கியங்களுக்கு ஆமா போட்டுக்கொண்டு.

படகில் ஒரு சின்னத் திரை இருக்கிறது, தண்ணீருக்கு அடியில் எவ்வளவு ஆழம் என்று காட்டுவதற்கு. முதலில் எண் காட்டிக்கொண்டிருந்தது. பள்ளத்தாக்கின் நடுவே வந்த பிறகு எண் போய் இரண்டு கோடு மட்டும் தெரிகிறது. அதற்கே எட்டவில்லை. "அடியில என்னங்க இருக்கும்?" என்று தரணியின் அம்மா கேட்டார். "ஒரு காலத்துல ஆறு ஓடுச்சுங்க, அணை கட்டுனாங்க, முழுகிப் போச்சு" என்றார் மாமா, தானே கட்டிய மாதிரி. எனக்கு நீந்தத் தெரியாது. எங்கள் தெருப் பையன்கள் வாய்க்காலில் குதித்து எழுவார்கள், நான் மதகின் மேல் உட்கார்ந்து அவர்களுடைய சட்டைகளைப் பார்த்துக்கொள்வேன், அதுதான் தண்ணீரோடு எனக்கு இருந்த உறவு, பிறகு இந்தப் பாட்டில்கள். அதனால் காலையில் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டை நான் மட்டும் கழற்றவில்லை. மற்றவர்கள் படகு புறப்பட்டதுமே கழற்றி இருக்கைக்குக் கீழே போட்டுவிட்டார்கள். "பாரு, கப்பலு முழுகப் போகுதுன்னு இவளுக்கு மட்டும் தகவல் வந்துருக்கு" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள், நானும். ஆரஞ்சு நிறம், மூன்று பட்டை, தாடைக்குக் கீழே வந்து முட்டுகிறது. அதற்குள் வியர்வை ஓடுகிறது. கழற்றத் தோன்றவில்லை. என்னைச் சுற்றி எனக்கென்று ஒரு சுவர் இருக்கட்டும் என்று இருந்தது. என் அறையின் ஞாபகம் வருகிறது. ஃபீனிக்ஸை ஒட்டிய டெம்பியில் இரண்டாவது மாடி, ஒரே அறை, ஒரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வாகனம் நிறுத்துமிடமும் ஒரு வேப்ப மரம் மாதிரி இருந்து வேப்ப மரம் இல்லாத மரமும். சாயங்காலம் வந்து சாவியைப் போட்டுத் திறந்து, செருப்பைக் கழற்றி, யாரும் எதுவும் கேட்காத அந்த முதல் நிமிஷம். தட்டில் தயிர் சாதத்தைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றபடியே தின்பேன். என்ன சாப்பிட்டே, ஏன் நின்னுட்டு சாப்பிடறே, எதுவும் கிடையாது. இதற்காகவா ஒரு நல்ல சம்பந்தத்தை வேண்டாம் என்கிறாய்? தயிர் சாதத்துக்காகவா? ஆமாம் என்று எப்படிச் சொல்வது. யாரையாவது விரும்புகிறேன் என்றால்கூட அது ஒரு காரணம். திட்டுவார்கள், அழுவார்கள், ஆனால் புரியும். ஒரு ஜன்னலை விரும்புகிறேன் என்றால் யாருக்குப் புரியும்.

சாப்பிட்டோம். தரணியின் அம்மா அரிசிம்பருப்புச் சோறு கொண்டுவந்திருந்தார், நெய் தனியாக ஒரு பாட்டிலில். "ரெண்டு கரண்டி வாங்கிக்க கண்ணு, கூச்சப்படாத, நம்மூட்டுச் சோறு" என்றார். நம்மூடு. நம் வீடாம். நன்றாக இருந்தது, இரண்டு கரண்டி வாங்கினேன், வாங்கியதும் அதுவும் ஒரு சம்மதமாகக் கணக்கில் சேருமோ என்று பயந்தேன். அக்கா என் பக்கம் பார்த்து ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தாள். சாப்பிட்ட பிறகு ஐஸ் பெட்டியின் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டேன். அதன் மேல் நான் உட்கார்ந்திருக்கிற வரை யாரும் திறக்க முடியாது என்று, குழந்தை மாதிரி. "எந்திரி மோகனா, தண்ணி எடுக்கணும்" என்றார் மாமா. எழுந்தேன். பிறகு படகின் பின்மூலையில் இருந்த அந்தக் கூண்டுக்குள் போனேன். கழிப்பறை என்று சொல்கிறார்கள், ஒரு பிளாஸ்டிக் இருக்கையும் சுற்றிலும் தார்ப்பாய் மாதிரி ஒரு திரையும், அவ்வளவுதான். திரையை இழுத்து ஜிப்பைப் போட்டதும் நீல இருட்டு. படகில் ஒரே உள்ளே. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது, "அவ சின்னதுல இருந்தே அப்படித்தானுங்க அத்தை, மனசுல இருக்கறத வெளிய சொல்ல மாட்டா, நம்மளே பாத்துக்க வேண்டியதுதான்." "அதுக்கென்ன கண்ணு, எங்கூட்டுல எல்லாருமே பேசறவங்க, ஒருத்தியாச்சு கேக்கறதுக்கு வேணுமல்ல." சிரிப்பு. உதட்டை மட்டும் அசைத்து ஒத்திகை பார்த்தேன். எனக்கு இஷ்டமில்லை. இது நாடகத்தில் சொல்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம். இப்போது என்று சொன்னால் எப்போது என்று கேட்பார்கள். நீங்கள் எல்லாரும் ரொம்ப நல்லவர்கள், ஆனால். ஆனால் என்ற வார்த்தைக்குப் பிறகு தரணி வந்துவிடுவார். திரையின் மேல் யாரோ மெதுவாகத் தட்டினார்கள். "வயித்துக்கு ஒத்துக்கலையா கண்ணு? ஓமத்தண்ணி வெச்சிருக்கேன், தரட்டுமா?" வெளியே வந்து ஓமத்தண்ணி குடித்தேன். இல்லை என்று சொல்ல அது ஒரு வாய்ப்பு, வயிறு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஓமத்தண்ணியையே வேண்டாமென்று சொல்ல முடியாதவள்.

பெரிய பள்ளத்தாக்கிலிருந்து பிரிந்து ஒரு குறுகலான சந்துக்குள் படகைக் கொண்டுபோய், பாறை நிழலில் நங்கூரம் போட்டார் தரணி. தண்ணீர் இங்கே பச்சையாக, அசையாமல் இருந்தது. மேலே வானம் ஒரு கிழிசல் அளவுக்கு. மாமா பனியனோடு குதித்து, கொஞ்ச நேரம் திமிங்கலம் மாதிரி ஊதிவிட்டு, ஏறி வந்து சட்டையை மாட்டிக்கொண்டார். தரணியும் ஒரு சுற்று நீந்தி வந்து துவட்டிக்கொண்டார். அப்போது அக்கா அவருடைய அம்மாவைப் பார்த்தாள். அவர் மாமாவைப் பார்த்தார். ஒருவரும் ஐஸ் பெட்டியைப் பார்க்கவில்லை, அதனாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "ஞாயித்துக்கெழம நாலரைக்கு மேல ராகு காலம், அதுக்குள்ள வெச்சுரலாம். மணி என்ன தம்பி?" என்றார் தரணியின் அம்மா. "மூணே முக்கால்" என்றார் தரணி. "இல்லியே, நாலே முக்கால்" என்றாள் அக்கா, தன் போனைப் பார்த்து. "உன் போன் பைத்தியம்" என்றார் மாமா, பையிலிருந்து தன்னுடையதை எடுத்து, "நாலே முக்... அட, இப்ப மூணே முக்காலுங்குது." பிறகுதான் புரிந்தது. இந்த ஏரி இரண்டு மாநிலங்களில் கிடக்கிறது. கொஞ்சம் அரிசோனா, மீதி யூட்டா, கோடைக்காலத்தில் இரண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். நாங்கள் மாநில எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் எங்கேயோ நிற்கிறோம், ஒவ்வொரு போனும் தனக்குத் தோன்றிய மாநிலத்தில் இருக்கிறது. "அப்ப ராகு காலம் வந்துருச்சா, வரலியா?" "யூட்டாவுக்கு வந்துருச்சுங்க, அரிசோனாவுக்கு இன்னும் வரல" என்றார் மாமா. "படகு எந்தப் பக்கம் நிக்குது?" "மூக்கு யூட்டாவுல, வாலு அரிசோனாவுல. பொண்ண வால் பக்கம் உக்கார வெச்சு வெச்சுரலாம்." அக்கா மாமாவின் தொடையில் ஓர் அடி வைத்தாள். "வெளையாடறதுக்கு நேரமா இது? நல்ல காரியம். சந்தேகம்னா அடுத்த வாரம் வெச்சுக்கலாங்க அத்தை." நான் மூச்சை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம். எந்த மாநிலத்துக்கும் சேராத ஒரு மணி நேரம், யாரும் கவனிக்காமல் என் மடியில் வந்து விழுந்திருக்கிறது. அது இன்னும் கொஞ்சம் குழம்பட்டும், இன்னொரு போன் இன்னொரு மணி சொல்லட்டும், அடுத்த வாரம் ஆகட்டும், அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல் வரலாம். தரணியின் அம்மா எழுந்து, கூரைத் துணிக்கு வெளியே தலையை நீட்டி, கையைப் புருவத்தில் வைத்து, பாறை உச்சியில் வெயில் விழுகிற இடத்தைப் பார்த்தார். "பொழுது இன்னும் அங்க நிக்குது. இந்த ஊர்ல பொழுது சாயறதுக்கே ரொம்ப நேரமாகும். ராகு போனப் பாத்தா வருது? நேரம் கெடக்குது கண்ணு, எடுத்துட்டு வா அந்தச் சம்படத்த" என்றார். ஒரு மணி நேரம் மடியிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது.

அக்கா ஐஸ் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்கிறது. ஐஸ் கட்டிகள் உருளுகிற சத்தம். படகின் பின்னால் ஏணி இன்னும் தண்ணீருக்குள் இறங்கியபடி இருக்கிறது, மாமா ஏறி வந்த ஈரத்தோடு. நான் எழுந்து போகிறேன். யாரும் தடுக்கவில்லை, கை கழுவப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். முதல் படி. இரண்டாவது படி. கால் சில்லிடுகிறது. மூன்றாவது படியைக் கால் தேடுகிறது, அது இல்லை, கையை விட்டுவிட்டேன் போல, காது மூடுகிறது, வாயில் தண்ணீர், பச்சை, கண்ணுக்குள் பச்சை, எட்டாத ஆழம், இரண்டு கோடு, செத்துப் போகிறேன் என்று ஒரு முழு வாக்கியம் தெளிவாக ஓடுகிறது. பிறகு ஜாக்கெட் என்னைத் தோளில் பிடித்துத் தூக்கி மேலே வைத்துவிடுகிறது. இருமுகிறேன். மிதக்கிறேன். மேலே தண்ணீர் வெதுவெதுப்பாக, முழங்காலுக்குக் கீழே ஐஸ் மாதிரி. படகு ஒரு கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், ஆனால் நான் அதற்கு வெளியே இருக்கிறேன். கம்பிக்கு மேலே நான்கு முகங்கள். காலையிலிருந்து முதல் முறையாக அவர்கள் எல்லாரும் ஒரு பக்கத்தில் இருக்கிறார்கள், நான் ஒரு பக்கத்தில் இருக்கிறேன். "அய்யோ, விழுந்துட்டாளா?" "இல்ல, அவளேதான் எறங்குனா, நான் பாத்தேன்." "என்ன கண்ணு திடுதிப்புனு! தலையெல்லாம் நனஞ்சு போச்சே. சரி சரி, ஏறி வா, தொவட்டிட்டு வெச்சுக்கலாம். கோகிலா, துண்டு எடு." ஈரத் தலைக்கும் வழி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு துண்டு இருக்கிறது. தரணி ஏணியில் ஒரு படி இறங்கிக் கையை நீட்டுகிறார். இந்த முறை யோசிக்காமல் நீட்டுகிறார். அவருடைய அம்மாவின் கையில் சம்படம், மூடி திறந்திருக்கிறது, வாசனை தண்ணீர் மேல் இறங்கி வருகிறது. "பூ..." என்றேன். வாயில் தண்ணீர் போனது, துப்பினேன். தரணி அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "கரைக்குப் போய் வெச்சுக்கலாங்கறாங்கம்மா. இங்க ஈரம்ல" என்றார். நல்ல வாக்கியம். எல்லா முகங்களும் தளர்ந்தன. அந்த வாக்கியத்துக்குள் நான் ஏறிப் போய் உட்கார்ந்துகொள்ளலாம், கரை வரை, கரைக்குப் பிறகு ஓட்டல் வரை, அதற்குப் பிறகும். ஆமா என்ற வார்த்தை நாக்கின் மேல் தயாராக இருந்தது. அதன் எடையைக்கூட உணர முடிந்தது.

"இல்லைங்க. நான் இன்னும் சொல்லி முடிக்கல" என்றேன்.

தரணியின் கை நீட்டியபடியே நின்றது. படகின் அடியில் தண்ணீர் போய் முட்டித் திரும்புகிற சத்தம். யாரும் பேசவில்லை, எனக்காக யாரும் பேசாமல் இருப்பது எவ்வளவு பயமாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த இடம் பெரிதாகிக்கொண்டே போனது, அதில் நான் மட்டும் மிதந்துகொண்டிருந்தேன், ஏணிக் கம்பியை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு. "பூ வேண்டாமுங்க" என்றேன் தரணியின் அம்மாவைப் பார்த்து. "இங்கயும் வேண்டாம், கரையிலயும் வேண்டாம். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க." இவ்வளவு பெரிய பாறைகளுக்கு நடுவில் சொல்லியும் எந்தப் பாறையும் அதைத் திருப்பிச் சொல்லவில்லை, அவ்வளவு மெதுவாகத்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் படகில் கேட்டுவிட்டது. அக்கா "மோகனா!" என்றாள், அடிப்பதற்கு முன்னால் கூப்பிடுகிற குரலில். "ஏன், எங்க தம்பிகிட்ட என்ன கொற கண்ட?" என்றார் மாமா, தரணியை அவர் தம்பி என்று சொல்லி அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டேன். குறை எதுவும் இல்லை என்று சொன்னேன். உண்மை. "அப்பறம் எதுக்கு வேண்டாங்கற?" வாயைத் திறந்தேன். ஜன்னல், தட்டு, தயிர் சாதம். "தெரியலைங்க மாமா. வேண்டாம்." காரணம் இல்லாமல்கூடச் சொல்ல முடிகிறது. "மொதல்ல புள்ளைய மேல ஏத்துங்க. தண்ணிக்குள்ள வெச்சுக்கிட்டா கேள்வி கேப்பாங்க?" என்றார் தரணியின் அம்மா. குரலில் கோபம் இல்லை, எதுவுமே இல்லை. அவர் சம்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னை அல்ல.

ஏறினேன். ஏறுவதற்கு அந்த ஒரு படகுதான் இருந்தது. தரணியின் கையைப் பிடித்துத்தான் ஏற முடிந்தது, வேறு வழியில் ஏற எனக்குத் தெரியவில்லை. அவர் தூக்கிவிட்டு, நான் நின்றதும் உடனே விட்டுவிட்டார். நங்கூரத்தை எடுத்தார்கள். மறுபடியும் அதே பள்ளத்தாக்கு, அதே சுவர்கள், வந்த வழி முழுவதும் திரும்பப் போக வேண்டும், அதே ஐந்து பேர், எல்லாரும் எல்லாருக்கும் எதிரே. நான் போய் ஒளிந்துகொள்ள அந்த நீலக் கூண்டு இருந்தது, போகவில்லை. கீழே சொட்டு சொட்டாக விட்டுக்கொண்டு, ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். சத்தமில்லை, கழுத்து மட்டும் அசைந்தது. சிக்னல் வந்ததும் அவள்தான் அம்மாவிடம் பேச வேண்டும். மாமா காலி டின்னை நசுக்கினார், நிமிர்த்தினார், நசுக்கினார். சொன்னால் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். இல்லை. முன்னால் நான் மட்டும் மாட்டிக்கொண்டிருந்தேன், இப்போது எல்லாரையும் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டேன். வெகுநேரம் கழித்துத் தரணியின் அம்மா சம்படத்திலிருந்து பூவை எடுத்தார். இறுக்கமாக, நெருக்கமாகக் கட்டிய பூ, விடிகாலையில் எழுந்து கட்டியிருப்பார். நாரைப் பல்லால் கடித்து இரண்டாக்கினார். "வெச்சுருந்தா வாடிப் போயிரும். பூ என்ன பாவம் பண்ணுச்சு" என்றார், யாரையும் பார்க்காமல். ஒரு பாதியை அக்காவின் தலையில் வைத்தார். அக்கா குனிந்து வாங்கிக்கொண்டாள், அழுகை நிற்காமலே. இன்னொரு பாதியைத் தன் கொண்டையில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தலையைத் தடவிப் பார்த்தார். அவரிடம் பின் இல்லை. நான் பின்னலுக்குள் விரலை விட்டுத் துழாவினேன். நனைந்த முடியில் அது சிக்கிக்கொண்டிருந்தது, இழுத்ததில் இரண்டு முடியோடு வந்தது. முடியை எடுத்துப் போட்டுவிட்டு நீட்டினேன். எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அவர் திரும்பி, என் உள்ளங்கையைப் பார்த்து, கொஞ்ச நேரம் பார்த்து, எடுத்துக்கொண்டார்.

பாறைச் சுவர்களின் நிழல் முடிந்து வெயில் மறுபடியும் முகத்தில் விழுந்தது. காற்று அடித்ததும் உடம்பு நடுங்கியது. சுக்கானைப் பிடித்தபடி தரணி திரும்பிப் பார்த்தார். "குளுருதுங்களா?" என்றார். "குளுரல. ஆனா..." என்றேன். அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். முன்னால் பார்த்துப் படகை நேராக்கிவிட்டு, மறுபடியும் திரும்பி, காத்திருந்தார். எனக்கு அந்த வாக்கியத்தின் மீதி என்னவென்று தெரியவில்லை. படகுத்துறை இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை.